வீட்டோரத்து விஷப் பாம்புகள்

ஜூன் மாதத் தொடக்கத்தில், இடவப்பாதி என்று வழங்கும் தென்மேற்குப் பருவமழை திருவனந்தபுரத்தை எட்டியதும், மண்ணினுள்ளே இருக்கும் வளைகளில் தண்ணீர் புகுகின்றது. அவ்வளைகளில் குடியிருந்த எலிகள் மேடான இடங்களை நாடி வெளியேறுகின்றன. அவற்றை இரையாகக் கொள்ளும் பாம்புகளும் உடன் வெளிவருகின்றன. மேடான இடம் என்பது பெரும்பாலும் மனிதன் தனக்கென எழுப்பிக்கொண்ட வீட்டின் அடித்தளமும், திண்ணையும், விறகுக் கொட்டிலுமே ஆதலால், ஒவ்வோர் ஆண்டும் இப்பருவத்தில் மனிதனும் பாம்பும் ஒரே கூரையின் அருகே சந்திக்க நேரிடுகின்றது.

திருவனந்தபுரம் நகரின் பழைய பகுதிகளுள் ஒன்றாகிய வலியசாலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி அமைந்த இவ்விடத்தில், தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. பக்கச் சுவர்களைப் பொதுவாகக் கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள், ஓட்டுக் கூரை, முன்புறம் திண்ணை, பின்புறம் கொல்லை, கிணறு, அடுக்களைத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஆகியவையே அக்கிரகார வீட்டின் பழைய அமைப்பு. கிள்ளியாறும் தொலைவில் இல்லை. நகரின் நடுவே நின்றாலும், பாம்பின் கண்ணோட்டத்தில் இத்தகைய வீடு கிராமத்து வீடே ஆகும். ஆகவே, நெடுமங்காடு, காட்டாக்கடை, நெய்யாற்றின்கரைத் தாலுகாக்களின் கிராம வீட்டாருக்குச் சொல்லத்தக்கவை யாவும் வலியசாலை வீட்டாருக்கும் பொருந்தும்.

இச்சந்திப்பினால் விளையும் உயிர்ச்சேதம் சிறிதன்று. 2000-ஆம் ஆண்டு முதல் 2019-ஆம் ஆண்டு வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் பாம்புக்கடியினால் மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களுள் பாதிப் பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் இறந்தவர்கள். இதற்கு முன்னர் 2011-இல் வெளிவந்த ஆய்வு மற்றோர் உண்மையையும் புலப்படுத்தியது. பாம்பு கடித்து இறந்தோருள் ஏறக்குறைய நான்கில் மூவர் ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீட்டிலோ வழியிலோ உயிர் துறந்தவர்கள். பாம்பின் விஷத்தைப் போலவே தாமதமும் மனிதனைக் கொல்லுகின்றது என்பது இதனால் தெளிவாகும். வீட்டைச் சீராக வைத்துக்கொள்வதும், கடி நேர்ந்தபின் ஒரு நிமிஷத்தையும் வீணாக்காதிருப்பதுமே உயிரைக் காக்கும் வழிகள். பாம்பைத் தேடிக் கொல்வது இவ்விரண்டிற்கும் ஈடாகாது.

விஷமுள்ளவை எவை?

இந்தியாவில் முந்நூறுக்கு மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை விஷமற்றவை. மனித உயிருக்குப் பெரும் ஆபத்து விளைவிப்பனவாக நாடெங்கும் நான்கு இனங்களைக் குறிப்பிடுவது வழக்கம். அவை நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பனவாம்.

நல்ல பாம்பை மலையாளத்தில் மூர்க்கன் என்பர். படம் விரித்து நிற்பதால் இதனை எவரும் எளிதில் அறிவர். எலி உள்ள இடத்தை நாடி வருவது இதன் இயல்பு. இதன் விஷம் நரம்புகளின் வேலையைத் தடுக்கின்றது. கடிபட்ட இடத்துச் சதையையும் அழிக்கின்றது. முதலில் கண்ணிமைகள் தாழும். பின்னர் விழுங்கவும் பேசவும் இயலாமற்போகும். இறுதியில் சுவாசத் தசைகள் செயலிழக்கும்.

கட்டு விரியன் கருமை நிறத்தில் மெல்லிய வெண்பட்டைகளை உடையது. மலையாளத்தில் வெள்ளிக்கட்டன் எனப்படும். பகலில் மறைந்திருந்து இரவில் இரை தேடும். தரையில் உறங்குவோரைப் படுக்கையிலேயே கடித்துவிடக் கூடியது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. கடிபட்டவர் தாம் கடிபட்டதையே அறியாமல், விடியற்காலையில் வயிற்று வலியென்று எழுந்து, அஜீரணம் எனக் கருதிக் கஷாயம் குடித்துக் காலத்தைக் கழிப்பது உண்டு. மழைக்காலத்தில் தரையில் உறங்கியவர் ஒருவர் காலையில் வயிற்று வலியுடன் எழுந்து, கண்ணிமைகளைத் திறக்க முடியாமல் தவித்தால், கட்டு விரியன் கடித்திருக்கலாம் என்ற ஐயம் உடனே எழவேண்டும்.

கண்ணாடி விரியன் தடித்த உடலும், முதுகில் சங்கிலிபோல் தொடரும் கபிலநிற வட்டங்களும் கொண்டது. மலையாளத்தில் அணலி என்றும், சேனைக்கிழங்கின் தண்டில் காணப்படும் புள்ளிகளை ஒத்திருத்தலால் சேனத்தண்டன் என்றும் இதனைக் கூறுவர். சருகுகளுக்கிடையே அசையாது கிடக்கும். நெருங்கினால் உரத்த சீறல் எழுப்பும். இதன் விஷம் இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்து, சிறுநீரகங்களைப் பாதிக்கின்றது. சுருட்டை விரியன் அளவில் சிறியது. வறண்ட, கல் நிறைந்த நிலங்களில் மிகுதி. மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம்போன்ற ஓசை எழுப்பும். இதன் விஷமும் இரத்தத்தையே தாக்கும்.

கேரளத்தில் இந்நான்கோடு ஐந்தாவது ஒன்றையும் சேர்த்து எண்ணவேண்டும். மூக்கின் நுனி மேல்நோக்கி எழும்பிய சிறிய குழிவிரியன் அது. மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி எனப்படும். மலையடிவாரத்திலும் ரப்பர்த் தோட்டங்களிலும் சருகினுள் கிடக்கும். இதன் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இந்தியாவில் வழங்கும் விஷமுறி மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டே தயாரிக்கப்படுவதாகையால், இக்குழிவிரியனின் விஷத்தை அது முறிப்பதில்லை. ஆயினும் ஆஸ்பத்திரியில் தொடர்ந்து கவனித்து, இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் சிகிச்சையால் உயிரைக் காப்பாற்ற இயலும்.

சாரை, நீர்க்கோலி, வெண்பட்டைகளால் கட்டு விரியனை ஒத்திருக்கும் ஓநாய்ப் பாம்பு ஆகியவை விஷமற்றவை. சாரை எலிகளைத் தின்று வீட்டாருக்கு நன்மையே செய்கின்றது. எனினும், பழக்கமற்றவர்கள் இருட்டில் கண்ட பாம்பை இன்னதென்று நிச்சயிப்பது தவறுக்கு இடந்தரும். இரண்டு பல் அடையாளம் இருந்தால் விஷப் பாம்பு, இல்லையேல் விஷமற்றது என்ற விதியும் நம்பத்தக்கதன்று. எந்தக் கடியையும் விஷக்கடி என்றே கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்வதே அறிவுடைமை.

வீடு பாம்பை அழைக்கும் விதம்

பாம்பு மனிதனை நாடி வருவதில்லை. இரை, மறைவிடம், ஈரம் ஆகிய மூன்றும் எங்கு ஒருங்கே கிடைக்கின்றனவோ அங்கு வருகின்றது. கொல்லையில் சிந்திய தானியமும் எஞ்சிய சோறும் எலிகளை வளர்க்கின்றன. கோழிக்கூட்டில் முட்டையும் குஞ்சும் கிடைக்கின்றன. சுவரோரம் குவித்த தேங்காய் மட்டை, விறகு, உடைந்த ஓடு, செங்கல் ஆகியவை எலிக்கும் பாம்புக்கும் ஒருசேர நிழலும் மறைவும் தருகின்றன. அடுக்களைக் கால்வாயின் திறந்த வாய் வீட்டினுள் நுழைவதற்கு வழியாகின்றது.

ஆகவே பரிகாரமும் இவற்றினின்றே பிறக்கின்றது. தானியத்தை மூடியுள்ள பாத்திரங்களிலேயே சேமிக்கவேண்டும். கோழிக்கூட்டை வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி, நெருக்கமான கம்பிவலையிட்டு அமைத்தல் வேண்டும். விறகையும் மட்டையையும் தரையில் குவிக்காமல், வீட்டிற்குத் தொலைவில் பரண் மேல் அடுக்குதல் நன்று. அங்கிருந்து எடுக்கும்போதும் கையை நுழைப்பதற்கு முன் கோலினால் தட்டிப் பார்க்கவேண்டும். சுவரிலும் தரையிலும் உள்ள பொந்துகளைச் சிமெண்டினால் அடைக்கவேண்டும். கால்வாயின் வாயிலும் காற்றுத் துவாரங்களிலும் கம்பிவலை பொருத்தவேண்டும். கதவின் அடியிலுள்ள இடைவெளியைப் பலகையால் மூடவேண்டும். கூரையைத் தொடும் மரக்கிளைகளையும் கொடிகளையும் வெட்டி அகற்றவேண்டும்.

இரவில் கொல்லைக்குச் செல்பவர் கைவிளக்கின்றிச் செல்லலாகாது. கணுக்காலை மறைக்கும் காலணி, பெரும்பாலான கடிகள் விழும் பாதத்தைக் காக்கும். திண்ணையில் வைத்த செருப்பை உதறிப் பார்த்த பின்னரே அணியவேண்டும். தரையில் உறங்குவதைத் தவிர்த்துக் கட்டிலில் உறங்குவதும், கொசுவலையின் விளிம்பைப் பாயின் அடியில் செருகிக்கொள்வதும் கட்டு விரியனுக்கு எதிரான மிக மலிவான காப்பாகும். கொசுவலையினுள் உறங்குவோரிடையே பாம்புக்கடி குறைவென்று நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடத்தப்பெற்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. கொசுவிற்கென வாங்கிய வலை பாம்பையும் தடுக்கின்றது.

பூண்டை நசுக்கித் தெளித்தல், மண்ணெண்ணெய் ஊற்றுதல், கார்பாலிக் அமிலம் வைத்தல் ஆகியவை பாம்பை விரட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அமிலமும் எண்ணெயும் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யுமே ஒழிய, பாம்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இவற்றை நம்பிப் பொந்தை அடைக்காமல் விடுவதே பெரிய கேடு.

தென் திருவிதாங்கூர்ப் பகுதிகளில் பாம்பைத் தெய்வமாகப் போற்றும் மரபு ஆழமானது. நாகர்கோயில் நாகராஜர் கோயிலும், ஹரிப்பாட்டை அடுத்த மண்ணாறசாலையும் இதற்குச் சான்று பகரும். பழைய தறவாட்டு வளாகங்களில் ஒரு மூலையைச் சர்ப்பக்காவாக விட்டு, அங்கே மரம் வெட்டாமலும் மண் கிளறாமலும் காத்துவந்தனர். பாம்பிற்கு ஓரிடம், மனிதருக்கு ஓரிடம் என்ற அவ்வொழுங்கைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் பக்தி வேறு, சிகிச்சை வேறு. கடிபட்டவரைக் காவின் முன் கிடத்திக் காத்திருப்பதை எந்த மரபின் பேராலும் அனுமதித்தல் கூடாது.

பாம்பு வீட்டினுள் வந்துவிட்டால்

பாம்பைக் கண்டவுடன் கோலெடுத்து அடிக்க முற்படுவோரும், கையால் பிடிக்க முற்படுவோரும் தாமே கடிபடுவதுண்டு. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் முதலியவற்றைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் விலக்கி, தொலைவில் நின்று பாம்பு செல்லும் திசையைக் கவனித்து, பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை. கேரள வனத்துறை 2020-ஆம் ஆண்டில் பாம்பு மீட்போருக்கான விதிகளை வகுத்து, தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளித்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. ‘சர்ப்ப’ என்னும் கைத்தொலைபேசிச் செயலியின் வாயிலாக அருகிலுள்ள மீட்பாளரை அழைக்கும் வசதியும் ஏற்பட்டுள்ளது. அழைத்தபின் அவர் வரும்வரை பாம்பை நோக்கியவாறு ஒருவர் நிற்பது அவசியம். எங்கு மறைந்தது என்று தெரியாத பாம்பே வீட்டாரின் இரவுறக்கத்தைக் கெடுப்பது.

அனுபவம் மட்டும் காப்பளிக்காது என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. பாம்பு பிடிப்பதில் கேரளமெங்கும் பெயர்பெற்ற வாவா சுரேஷ், 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் மாவட்டம் குறிச்சியில், பிடித்த நல்ல பாம்பைச் சாக்கில் இடும்போது தொடையில் கடிபட்டார். நிலைமை மிக மோசமாயிற்று. கோட்டயம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விஷமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் அளிக்கப்பெற்று அவர் உயிர் பிழைத்தார். பல்லாண்டு பழகியவருக்கே இக்கதியெனில், பழகாதவர் முயலவே கூடாது.

கடி நேர்ந்தால்

2019 நவம்பரில், வயநாடு மாவட்டத்துச் சுல்தான் பத்தேரியில், ஒரு பள்ளியின் வகுப்பறைத் தரையில் இருந்த பொந்தில் காலிட்ட ஐந்தாம் வகுப்பு மாணவி பாம்பு கடித்து இறந்தாள். அச்சிறுமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதில் நேர்ந்த தாமதமும், விஷமுறி மருந்து உரிய காலத்தில் செலுத்தப்படாமையும் மாநிலமெங்கும் பெரும் வேதனையையும் விவாதத்தையும் எழுப்பின. பள்ளிக் கட்டடங்களையும் வளாகங்களையும் சோதிக்கும் பணியும் அதன்பின் முடுக்கிவிடப்பட்டது. ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தல் வேண்டும். பொந்தை அடைக்கச் சில பிடி சிமெண்டே போதும். குழந்தை “பாம்பு கடித்தது” என்று சொல்லும்போது ஆணியோ கல்லோ குத்தியிருக்கும் என்று எண்ணுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

கடிபட்டவரை அவ்விடத்திலிருந்து விலக்கி அமரச்செய்து அல்லது படுக்கச்செய்து, தைரியம் கூறவேண்டும். மோதிரம், வளை, கொலுசு, இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் தொடங்குமுன் அகற்றவேண்டும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்த உறுப்பைப் போலக் கருதி, கோலோ அளவுகோலோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமற் செய்தல் வேண்டும். நடக்கவிடாமல் தூக்கிச் செல்லவேண்டும். வாந்தி எடுத்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

செய்யத் தகாதவை பல. கயிற்றினால் இறுகக் கட்டுதல் விஷத்தை நிறுத்துவதில்லை. இரத்த ஓட்டத்தைத் தடுத்து உறுப்பையே அழுகச் செய்யும். கத்தியால் கீறுதல், இரத்தம் உறையாத நிலையில், நிற்காத பெருக்கை உண்டாக்கும். வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல், விஷக்கல் ஒட்டுதல் ஆகிய எவற்றாலும் பயனில்லை. பாம்பைத் தேடிக் கொன்று எடுத்துவருவதும் தேவையற்றது. ஒரே விஷமுறி மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவாதலின், மருத்துவர் நோயாளியின் குறிகளைக் கண்டே சிகிச்சை தொடங்குவார். தொலைவிலிருந்து எடுத்த புகைப்படம் இருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் முதலில் நோயாளியின் இரத்தத்தில் சிறிதளவை உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிஷங்கள் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாமல் நீராகவே இருந்தால் விரியன் விஷம் பரவியுள்ளது என்று தெளியலாம். மருந்து நரம்பின் வழியாகச் செலுத்தப்படுகின்றது. குழந்தையாயினும் பெரியவராயினும் அளவு ஒன்றே. ஏனெனில் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. சிலருக்கு இம்மருந்தே ஒவ்வாமல் திடீர் விளைவுகள் நேரக்கூடுமாதலின், அதனை வீட்டில் வைத்துச் செலுத்துவது கூடாது.

இம்மருந்தின் வரலாறும் அறியத்தக்கது. பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்பர்ட் கால்மெட் 1890-களில் இதற்கு வழி வகுத்தார். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகின்றது; அதனைப் பிரித்தெடுத்துச் சுத்தி செய்து மருந்தாக்குகின்றனர். இந்தியாவில் இதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டின் இருளர் மக்கள் அளிக்கின்றனர். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் அவர்களது பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கிற்று. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மழைக்கு முன் செய்யவேண்டுவது

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல் திட்டத்தை இந்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. ஆயினும் இத்திட்டம் ஒரு வீட்டை எட்டுவது கிராமப் பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் மூலமாகவே.

வலியசாலையில் கடிபட்டவர், நகரத்துப் பொது ஆஸ்பத்திரியையோ 1951-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியையோ விரைவில் அடைய இயலும். அகத்தியமலை அடிவாரத்துக் காணிக்காரர் குடியிருப்பில் கடிபட்டவருக்கு அவ்வசதி இல்லை. அங்கு ஒவ்வொரு நிமிஷத்தின் மதிப்பும் பன்மடங்கு உயர்கின்றது. ஆகவே விஷமுறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மிக அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது, அங்கு இரவில் மருத்துவர் இருப்பாரா, வாகனம் யாரிடம் உள்ளது, 108 வண்டி எந்த இடம்வரை வரும் என்பவற்றை மே மாதத்திலேயே நேரில் விசாரித்து, ஒரு தாளில் எழுதி, பள்ளிச் சுவரிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் ஒட்டிவைத்தல் வேண்டும். கடி நேர்ந்த பின்னர் விசாரிக்கத் தொடங்குவது, வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

கேரளத்தில் பள்ளிகள் திறப்பதும் பருவமழை தொடங்குவதும் ஜூன் மாதத் தொடக்கத்திலேயே. இரண்டு மாத விடுமுறையில் பூட்டிக்கிடந்த வகுப்பறைகளுக்குள் குழந்தைகள் முதன்முதலாக நுழையும் நாளில்தான் வளைகளில் தண்ணீரும் நுழைகின்றது. அதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஆசிரியர் ஒருவர் கைவிளக்குடன் ஒவ்வோர் அறையின் மூலைகளையும், தரைப் பிளவுகளையும், கழிப்பறைக் கால்வாயையும் பார்வையிட்டு, அடைக்கவேண்டியவற்றை அடைக்கச் செய்தல் வேண்டும். அரை நாள் வேலைதான் அது.